படுவான்கரைப் பள்ளி ஆய்வுகூடத்துக்கு எந்த ஸ்பிரிட்டை வாங்குவது?

ஆண்டுத் தொடக்கத்தில் ஆய்வுகூடச் சாமான் பட்டியல் போடும்போது "ஸ்பிரிட் 2 லீற்றர்" என்று ஒரு வரி எழுதி அதிபரிடம் கொடுத்துவிடுகிறோம். கடைக்காரரிடம் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அது வந்து சேரும். ஒருமுறை நீல நிறமாக வரும், இன்னொருமுறை தண்ணீர்போலத் தெளிவாக வரும். இரண்டும் எரியும், இரண்டும் இலையின் பச்சையத்தைக் கரைக்கும் என்பதால் யாரும் அதைப் பற்றி மேலே கதைப்பதில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எதனோலும் வரலாம், ஐசோபுரொப்பைல் அற்ககோலும் வரலாம், மெதனோலும் வரலாம். மூன்றாவது வந்தால் ஒரு பிள்ளையின் பார்வையே போகக்கூடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்துப் பள்ளிகளில் கற்பிக்கும் ஆசிரியர்களையும், பட்டியலில் கையெழுத்து வைக்கும் அதிபர்களையும், செலவுக்குக் கைகொடுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பெற்றோரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இவை எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்ப்போம். எதனோல் நமக்கு ஊர்ப்பொருள். அம்பாறை மாவட்டத்து ஹிங்குரானையில் கரும்பைப் பிழிந்து சீனி எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து அதை வடிக்கிறார்கள். மதுவம் (ஈஸ்ட்) சீனியைத் தின்று எதனோலையும் காபனீரொட்சைட்டையும் விடும். அற்ககோல் 12, 15 சதவீதத்தைத் தாண்டும்போது மதுவமே செத்துப்போகும். அதற்குமேல் செறிவாக்க வேண்டுமானால் பகுதிபடக் காய்ச்சி வடிக்க வேண்டும். எவ்வளவு வடித்தாலும் நிறைப்படி 95.6 சதவீதத்தில் அது நின்றுவிடும், ஏனென்றால் அந்த அளவில் நீரும் எதனோலும் சேர்ந்தே கொதிக்கின்றன. பெற்றோலிய ஆலைகளில் வேறு வழி உண்டு: எதீனையும் நீராவியையும் பொசுபோரிக் அமில ஊக்கியின்மேல் ஏறத்தாழ 300 பாகை செல்சியசில், 60, 70 வளிமண்டல அழுக்கத்தில் செலுத்துவார்கள். இலங்கை 2020 தொடக்கத்தில் எதனோல் இறக்குமதியை நிறுத்திய பிறகு, கரும்பிலிருந்து வருவதற்கே நம்மிடம் மவுசு.

ஐசோபுரொப்பைல் அற்ககோல் பாடப்புத்தகத்தில் புரப்பன்-2-ஓல். கடையில் ஐ.பி.ஏ என்றால் எடுத்துத் தருவார்கள். இது எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் புரப்பீனுக்கு நீர் சேர்த்துச் செய்யப்படுவது. 1920இல் அமெரிக்காவில் சல்பூரிக் அமில வழியில் வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று அசெற்றோனுக்கு ஐதரசன் ஏற்றியும் செய்கிறார்கள். மெதனோல் பழைய காலத்தில் மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கி எடுத்தது. இப்போது காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் செப்பு, நாக ஒட்சைட்டு ஊக்கியின்மேல் சேர்த்துச் செய்கிறார்கள். உலகெங்கும் கப்பல் கப்பலாகப் போகும் மலிவுச் சரக்கு அது. அந்த மலிவுதான் ஆபத்தின் வேர்.

உயர்தரப் பிள்ளைகள் கேட்பதுண்டு: "சேர், நாமளே சீனியும் மதுவமும் போட்டு வடிச்சா என்ன?" நொதிக்கவைத்து, வெளிவரும் வாயுவைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டு அது பால்போல மாறுவதைக் காட்டுவது அருமையான பாடம், தாராளமாகச் செய்யுங்கள். வடிப்பதில் கைவைக்காதீர்கள். உரிமமில்லாமல் மதுசாரம் வடிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். இதோடு ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். சீனியை நொதிக்கவைத்தால் மெதனோல் பெரிதாக உண்டாகாது. பழத்தோலிலுள்ள பெத்தினிலிருந்து சிறிதளவு வரும், அவ்வளவுதான். கள்ளச் சாராயம் குடித்து ஆட்கள் கூட்டமாகச் சாகும் செய்திகளின் பின்னால் அநேகமாக இருப்பது, தொழிற்சாலை மெதனோலை யாரோ கொண்டுவந்து கலந்த கதைதான். 2020இல் கொரோனாக் காலத்தில் ஈரானில் நூற்றுக்கணக்கானோர் அப்படித்தான் இறந்தார்கள்.

சரி, ஆய்வுகூடத்துக்கு வருவோம். ஸ்பிரிட் போத்தல் நம் பள்ளிகளில் அதிகம் திறக்கப்படுவது இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குத்தான். வெயிலில் நின்ற செவ்வரத்தை இலையைப் பறித்து, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, பிறகு கொதிகுழாயிலுள்ள அற்ககோலுக்குள் இறக்கி, குழாயைச் சுடுநீர் முகவைக்குள் நிறுத்துகிறோம். பச்சையம் கரைந்து திரவம் பச்சையாகும், இலை வெளிறி மொறுமொறுவென்று ஆகும். அதை இளஞ்சூட்டு நீரில் அலசி அயடீன் விட்டால் மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும். எதனோல் 78 பாகையில் கொதிக்கும். அப்போதுதான் கொதித்து இறக்கிய நீருக்குள் வைத்தால் நெருப்பே இல்லாமல் குழாய்க்குள் குமிழி எழும், சில நிமிடத்தில் இலை வெளுத்துவிடும். ஐ.பி.ஏ 82.5 பாகை வேண்டும். அடுப்பை அணைத்த முகவை நீர் அந்த வெப்பநிலைக்குக் கீழே சீக்கிரம் இறங்கிவிடுவதால் குமிழி எழும்பாது. ஆனாலும் பச்சையம் கரையும். ஆறிய நீரை ஊற்றிவிட்டு ஒருதரம், தடித்த இலையென்றால் இரண்டுதரம், புதிய சுடுநீர் மாற்றினால் எதனோலில் வெளுப்பதுபோலவே இலை வெளுக்கும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் முடித்துவிடலாம், பாடத்தின் தொடக்கத்திலேயே இலையை இறக்கிவிட்டால் போதும். தண்ணீர் கலந்த 70 சதவீதப் போத்தலை இதற்கு வாங்காதீர்கள், பச்சையம் இழுபட்டு இழுபட்டுத்தான் வெளியே வரும். 95 சதவீதத்துக்குக் குறையாத எதனோலோ 99 சதவீத ஐ.பி.ஏயோ வேண்டும்.

மெதனோல் 64.7 பாகையிலேயே கொதிக்கும், இலையை மிக விரைவில் வெளுக்கவும் வைக்கும். "அப்ப அதுதானே நல்லது" என்று தோன்றலாம். கொதிக்கிற மெதனோலின் ஆவி முப்பது பிள்ளைகள் நெருங்கி நிற்கும் மேசைமேல் பரவுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதை மூச்சோடு உள்ளே இழுத்தாலும், தோலில் நெடுநேரம் பட்டாலும் உடம்பில் ஏறும்.

அடுத்தது மதுசார விளக்கு. காஸ் இல்லாத பள்ளிகளில் பன்சன் சுடரடுப்பின் வேலையை இந்தச் சின்னக் கண்ணாடி விளக்குத்தான் பார்க்கிறது. எதனோல் இங்கே வெற்றிபெறும்: சுடர் ஓரளவு நீலம், நுனியில் மஞ்சள், கரி மிகக் குறைவு. ஐ.பி.ஏயின் சுடர் மஞ்சளாகப் புகைந்து சோதனைக்குழாயின் அடியில் கரியை ஏற்றிவிடும். வெப்பம் கிராமுக்கு எதனோலைவிடச் சற்றுக் கூடுதல்தான், ஏறத்தாழ 33 கிலோயூல், எதனோலுக்கு 30. ஆனால் கரி படிந்த குழாய்க்குள் நிறமாற்றம் தெரியாமல் பிள்ளைகள் தடுமாறுவார்கள். மெதனோல் கிராமுக்கு 23 கிலோயூல்கூடத் தராது, அதன் சுடரும் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு வெளிறியது. விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று தெரியாமல் ஒரு பிள்ளை போத்தலைச் சரித்து ஊற்றினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2014 சனவரியில் நியூயோர்க்கில் ஒரு பள்ளி வகுப்பறையில் மெதனோலைக் கொண்டு நிறச்சுடர் காட்டியபோது நெருப்பு சீறி ஒரு மாணவர் கடுமையான எரிகாயமடைந்தார். அதே ஆண்டில் அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபை இப்படியான செய்துகாட்டல்களைப் பற்றிப் பள்ளிகளை எச்சரித்தது. வசதிகள் நிறைந்த ஊரிலேயே அப்படி.

எரிபற்றும் விடயத்தில் மூன்றையும் ஒரே தட்டில்தான் வைக்க வேண்டும். சுடர் காட்டினால் ஆவி பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை மூன்றுக்கும் ஏறத்தாழ 11 முதல் 13 பாகைதான். மட்டக்களப்பில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் வராது. அதாவது மூடியைத் திறந்த எந்த நொடியிலும் போத்தலின் வாயில் பற்றக்கூடிய ஆவி நிற்கிறது. அந்த ஆவி காற்றைவிடப் பாரம் கூடியது, ஐ.பி.ஏயின் ஆவி இரு மடங்குப் பாரம். மேசைமேல் ஊர்ந்துபோய் அடுத்த குழுவின் விளக்கைத் தொடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதை நான் அதிகம் பயப்படுவேன். தகரக் கூரைக்குக் கீழே அறை கொதிக்கும், யன்னல் வழியாக வரும் வரண்ட காற்று சுடரைச் சாய்க்கும், ஆவியை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. எரியும் விளக்குக்கு ஒருபோதும் ஸ்பிரிட் ஊற்றக்கூடாது. மூடியால் அணைத்து, ஆறவிட்டு, பெரிய போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் தீக்குச்சியைக் கையில் எடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு எளிய மாற்று உண்டு, அதை எல்லாப் பள்ளியும் செய்யலாம். இலைச் சோதனைக்கு நெருப்பே தேவையில்லை. ஆசிரியர் அறையில் கேத்தலில் நீரைக் கொதிக்கவைத்து பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வந்தால் போதும். குழுவுக்கு ஒரு முகவை சுடுநீர், ஒரு கொதிகுழாய், அறைக்குள் எங்குமே சுடர் இல்லை. இலையை முதலில் நீரில் போடுவதற்கும் அதே பிளாஸ்க் நீர் சரி. இந்த ஒரு மாற்றம் செய்தால் ஸ்பிரிட் தெரிவில் விளக்கின் முக்கியத்துவம் பாதிக்குமேல் குறைந்துவிடும், ஐ.பி.ஏயின் கரிப் பிரச்சினையும் பெரிதாகத் தெரியாது.

உயர்தர இரசாயனத்துக்கு ஒரே பொருள் போதாது. அற்ககோலின் வகையைக் கலங்கும் வேகத்தால் பிரித்தறியும் லூக்காசின் சோதனையில், முதல் வகை அற்ககோலான எதனோல் அறை வெப்பநிலையில் கலங்காமல் நிற்கும், இரண்டாம் வகையான புரப்பன்-2-ஓல் ஐந்து நிமிடமளவில் கலங்கும். ஒட்சியேற்றினால் எதனோல் எதனலாகி அசற்றிக் அமிலம்வரை போகும், மற்றது அசெற்றோனில் நின்றுவிடும். வேறுபாட்டைக் கண்ணால் காண இரண்டும் வேண்டும். ஆனால் ஒரு வகுப்புக்குச் சில மில்லிலீற்றரே போதும், ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒரு ஆண்டுக்கு மேலேயே வரும். அயடோபோம் சோதனையை வைத்து "இதில் மெதனோல் இல்லை" என்று முடிவுகட்ட மட்டும் வேண்டாம். எதனோலும் புரப்பன்-2-ஓலும் மஞ்சள் வீழ்படிவு தரும், மெதனோல் தராது என்பது உண்மை. கலவையில் எதனோல் இருந்தாலும் மஞ்சள் வரும், அதற்குள் மறைந்திருக்கும் மெதனோல் தெரியாது.

கைகழுவும் திரவம், நுணுக்குக்காட்டி வில்லை, கணினி அறை விசைப்பலகை போன்றவற்றுக்கு ஐ.பி.ஏ வசதி. விரைவில் உலரும், தடம் விடாது. கைக்கு உலக சுகாதார நிறுவனம் இரண்டையுமே ஏற்றுக்கொள்கிறது: எதனோலென்றால் கனவளவுப்படி 80 சதவீதம், ஐ.பி.ஏயென்றால் 75, கூடவே சிறிது கிளிசரோலும் ஐதரசன் பேரொட்சைட்டும். தூய அற்ககோலைவிட நீர் கலந்தது கிருமியைக் கூடுதலாகக் கொல்லும், புரதத்தைக் குலைக்க நீரும் வேண்டும். மேசை துடைக்க 70 சதவீதம் வேண்டுமானால் 96 சதவீத எதனோலில் 73 மில்லிலீற்றரை அளந்து எடுத்து, 100 மில்லிலீற்றர்க் கோடுவரை நீர் விடுங்கள். 27 மில்லிலீற்றர் நீரைத் தனியாக அளந்து சேர்த்தால் கணக்குப் பிசகும். எதனோலும் நீரும் கலக்கும்போது கனவளவு சுருங்குகிறது, 50ம் 50ம் சேர்ந்து 97க்கு உள்ளேதான் நிற்கும். சேறுபட்ட கைக்கு இவை எதுவும் உதவாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான்.

இனி நச்சுத்தன்மை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

மெதனோல் ஈரலில் போமல்டிகைட்டாகவும் பிறகு போமிக் அமிலமாகவும் மாறும். அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும். 10 மில்லிலீற்றர் தூய மெதனோல், அதாவது இரண்டு தேக்கரண்டி, பார்வையைப் பறிக்கப் போதும். 30 மில்லிலீற்றர் உயிரை எடுக்கலாம். குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது, 12 முதல் 24 மணித்தியாலம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, கண்முன் பனிமூட்டம் என்று தொடங்கும். அதற்குள் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கும். சிகிச்சை உண்டு, மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும். ஆனால் அதற்கு வாவியைக் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தப் பயணம் எவ்வளவோ இலகுவாகிவிட்டது. என்றாலும் உள்ளூர்க் கிராமங்களில் இரவில் வண்டி பிடிப்பது இன்றும் பாடுதான். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைத்து, போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் சாராயம் கொடுத்து முறிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஐ.பி.ஏயும் குடிக்கக்கூடிய பொருள் இல்லை. மயக்கும் தன்மை எதனோலைவிட ஏறத்தாழ இருமடங்கு, உடம்பில் அசெற்றோனாக மாறும், வயிற்றைப் புண்ணாக்கும். பூட்டிய அறையில் அதன் நெடி ஆஸ்துமாப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு. ஆனால் கண்ணைப் பறிப்பதில்லை. எதனோலுக்கு வேறொரு சிக்கல்: அது குடிக்கத் தூண்டும். பள்ளி அலுமாரியில் தூய எதனோல் இரண்டு லீற்றர் இருக்கிறது என்ற செய்தி ஊருக்குள் கசிந்தால் பூட்டு நெடுநாள் நிற்காது. அதைத் தடுக்கத்தான் அதற்குள் மெதனோலைச் சேர்த்து, கசப்பும் நிறமும் ஏற்றி மெதிலேற்றிய ஸ்பிரிட்டாக விற்கிறார்கள். 5 முதல் 10 சதவீதம்வரை மெதனோல் சேர்ப்பது வழக்கம். நிறம் இருக்கிறதே என்று நம்ப முடியாது, எல்லா நாட்டிலும் எல்லாத் தயாரிப்பிலும் ஒரே நிறம் கிடையாது. குடிக்காமல் தடுக்கப் போட்ட நஞ்சு, குடித்துவிட்டவரைக் கொல்கிறது. இதை ஒரு பள்ளிக்குள் கொண்டுவருவதை என் மனம் ஏற்கவில்லை.

ஆகவே என் தெரிவு இது. சாதாரண தரம்வரை உள்ள பள்ளியில், பிரதான போத்தலாக 99 சதவீத ஐ.பி.ஏ. இலை பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும், விளக்கு கரி பிடிக்கும், அந்த இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது என்ன என்று நமக்குத் தெரியும், அதுவே பெரிய நிம்மதி. உயர்தரப் பிரிவு இருந்தால் அதோடு எதனோல் 100 மில்லிலீற்றர், பொறுப்பாசிரியரின் சாவிக்குக் கீழே, எடுத்த அளவைப் பதிவேட்டில் எழுதி. விளக்குகளை நாள்தோறும் பாவிக்கும் பள்ளியென்றால், மெதனோல் சேர்க்காமல் கசப்புப்பொருளோ ஐ.பி.ஏயோ சேர்த்துக் குடிக்க முடியாததாக்கிய எதனோல் கிடைத்தால் அதுவே மேல், அப்படி லேபலில் எழுதியிருந்தால் மட்டும். மெதனோலை வாங்க வேண்டாம். பரீட்சைக்கு அது தேவைப்படும் இடமெல்லாம் எழுத்திலேயே முடிந்துவிடும்.

பட்டியலில் "ஸ்பிரிட்" என்ற சொல்லை விட்டுவிட்டு முழுப்பெயரும் எண்ணும் எழுதுங்கள். ஒவ்வொரு இரசாயனப் பொருளுக்கும் உலகம் முழுக்க ஒரே பதிவெண் (CAS எண்) உண்டு, நல்ல நிறுவனத்தின் லேபலில் அது இருக்கும். எதனோலுக்கு 64-17-5. ஐசோபுரொப்பைல் அற்ககோலுக்கு 67-63-0. மெதனோலுக்கு 67-56-1. கடைசி இரண்டும் பார்வைக்கு நெருக்கமாக இருப்பதால் நடுவிலுள்ள இரண்டு இலக்கங்களை விரல்வைத்துப் பாருங்கள்: 63 என்றால் வைத்துக்கொள்ளலாம், 56 என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணே இல்லாத, கையால் எழுதி ஒட்டிய போத்தலை விலை மலிவென்று எடுக்காதீர்கள். விலையை ஒப்பிடும்போதும் சதவீதத்தைப் பாருங்கள், 70 சதவீதப் போத்தலின் மலிவில் முப்பது பங்கு தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். ஒரு லீற்றருக்கு மேல் ஒரே நேரத்தில் பள்ளியில் வைக்காமல் இருப்பது நல்லது, தவணைக்குத் தவணை வாங்கலாம். வெயில் படாத அறையில், தட்டம் ஒன்றுக்குள், பூட்டிய உலோக அலுமாரியில். தீப்பற்றும் திரவத்தைக் கீழ்த்தட்டில் வைப்பதுதான் பொதுவான வழக்கம், விழுந்தால் உடையாது. நம் பக்கத்தில் கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வகுப்பறைக்குள் வருவதால் விடுமுறைக்கு முன் இடுப்பு உயரத்துக்கு மாற்றிவிட்டுப் போங்கள். பொற்றாசியம் பரமங்கனேற்று, நைத்திரிக் அமிலம், வெளிற்றும் தூள் எதுவும் அதே அலுமாரியில் இருக்கக்கூடாது. ஐ.பி.ஏ போத்தலில் திறந்த திகதியை எழுதுங்கள். பாதி காலியான போத்தல் வெளிச்சம் பட்டு வருடக்கணக்கில் நின்றால் அதற்குள் பேரொட்சைட்டு உருவாகும், அப்படியானதைச் சூடாக்கி வற்றவைப்பது வெடிக்கும் ஆபத்து.

பழைய அலுமாரிகளில் ஏற்கெனவே நிற்கும், லேபல் உதிர்ந்த தெளிவான திரவப் போத்தல்கள் ஒருபுறம் இருக்கின்றன. அவற்றை மணந்தோ எரித்தோ சோதிக்க வேண்டாம், கிணற்றடியிலும் ஊற்ற வேண்டாம், படுவான்கரையில் குடிப்பதும் அதே கிணற்று நீர்தான். "மெதனோலாக இருக்கலாம், நஞ்சு" என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டி, தனியாகப் பூட்டி, எத்தனை போத்தல் என்பதை வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை ஆய்வுகூடப் பதிவேட்டில் ஒட்டிவைத்தால், இடமாற்றத்தில் அடுத்து வரும் ஆசிரியரும் அந்த அலுமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.